முப்பது டிகிரித் தண்ணீரில் நியூட் குஞ்சு

வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் ஆக்சலாட்டல் என்ற பெயர் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். 2021இல் அந்தப் பிராணி மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் நுழைந்தது. அதே ஆண்டு மெக்சிகோவின் மத்திய வங்கி தன் 50 பெசோ நோட்டில் அதன் படத்தை அச்சிட்டது. வெளிர் ரோஜா நிற உடம்பு, தலையின் இருபக்கமும் சிறகு விரித்த மாதிரி செவுள், எந்நேரமும் சிரிப்பது போன்ற வாய். மீன் வாங்கக் கொளத்தூருக்கோ பிராட்வேக்கோ போகிற வடசென்னைக் கொருக்குப்பேட்டைப் பிள்ளை இப்போது கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "அண்ணே, ஆக்சலாட்டல் இருக்கா?" என்றுதான். சில கடைகளில் இருக்கிறது. வாங்கி வந்த கொஞ்ச நாளில் அடுத்த கேள்வியும் வந்துவிடும்: ஜோடி சேர்த்தால் குட்டி போடுமா, அந்தக் குட்டியை நாமே வளர்த்து ஆளாக்க முடியுமா?

முடியும். ஆனால் கொருக்குப்பேட்டையில் அதற்கு முதலில் வேண்டியது தொட்டியும் தீனியும் அல்ல; கம்ப்ரசர் வைத்த குளிர்விப்பானும், மின்சாரம் போனால் அதை ஓட்ட ஒரு வழியும், அரசுப் பதிவும்தான். அவை கைக்கு வருவதற்குள் குஞ்சு வளர்க்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால், ஆக்சலாட்டலைவிடப் பொருத்தமான உயிர் ஒன்று நம் தெருக்களிலேயே பாட்டிலில் நீந்திக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு.

முதலில் நியூட் என்றால் என்ன என்று பார்ப்போம். தவளை, தேரை இனத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. வளர்ந்த பிறகும் வால் போகாது. பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும் செதில் கிடையாது. ஈரமான வெறும் தோல். பொதுவாக இந்தக் கூட்டத்துக்கு சாலமாண்டர் என்று பெயர். அதில் தண்ணீரில் அதிக காலம் கழிக்கும் ஒரு கிளையை நியூட் என்கிறார்கள். ஆக்சலாட்டல் கணக்குப்படி நியூட் அல்ல, இன்னொரு கிளையைச் சேர்ந்த சாலமாண்டர். கடைகளிலும் பிள்ளைகள் மத்தியிலும் எல்லாம் ஒன்றாகவே புழங்குகிறது. குஞ்சு வளர்ப்பதில் முதல் சில மாதங்களுக்குப் பெரிய வித்தியாசமும் இல்லை.

தென்னிந்தியாவில் இந்த இனம் ஒன்றுகூடக் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நூற்றுக்கணக்கில் தவளை வகைகள் உண்டு, மண்ணுக்குள் வாழும் காலில்லாத சிசிலியன்கள் உண்டு, வாலும் காலும் சேர்ந்த நீர்நில வாழ்வி மட்டும் இல்லை. இந்தியாவில் அதைப் பார்க்க வேண்டுமானால் டார்ஜிலிங், சிக்கிம் போன்ற இடங்களுக்குப் போக வேண்டும். அங்கே மலைக் குளங்களில் வாழும் இமாலய நியூட்டை நெடுங்காலம் சீனாவின் யுன்னானில் இருக்கும் வகையோடு சேர்த்தே எண்ணிவந்தார்கள். 2015இல்தான் அது தனி இனம் என்று பிரித்துப் பெயரிட்டார்கள். மேற்கு வங்க அரசு ஜோர்போக்ரி என்ற சின்னஞ்சிறு குளப்பகுதியை 1985இலேயே இதற்காகச் சரணாலயமாக்கியது. டார்ஜிலிங்கின் பத்மஜா நாயுடு விலங்கியல் பூங்கா, பனிச்சிறுத்தையும் சிவப்புப் பாண்டாவும் பெருக்கும் அதே இடம், இந்த நியூட்டையும் வளர்த்துப் பெருக்குகிறது. அந்தப் பூங்கா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொருக்குப்பேட்டை ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான். சிக்கல் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

ஆக்சலாட்டலுக்குச் சுகமான தண்ணீர் 16 முதல் 18 டிகிரி. 20 வரை பொறுக்கும். 24ஐத் தாண்டினால் தீனி எடுக்காது, செவுள் சுருங்கும், தோலில் பஞ்சு மாதிரிப் பூசணம் பிடிக்கும், கொஞ்ச நாளில் செத்துவிடும். சீனத்து நெருப்பு வயிற்று நியூட்டும் ஏறக்குறைய அதே குளிரில் வாழ்வதுதான். சென்னையில் மே மாதப் பகல் வெப்பம் சராசரியாகவே 37 டிகிரியைத் தாண்டும். ஜனவரியிலும் பகலில் 29ஐத் தொடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் கண்ணாடித் தொட்டித் தண்ணீர் ஆண்டில் பாதி நாள் 30க்கு மேல்தான் நிற்கும்.

சூடு ஏன் கொல்கிறது என்று தெரிந்துகொண்டால் எந்தக் குறுக்குவழி பலிக்கும், எது பலிக்காது என்பது தானாகப் புரியும். ஒன்று, ஆக்சிஜன். 18 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9.5 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே. அதே நேரத்தில் சூட்டில் பிராணியின் உடம்பு வேகமாக ஓடுவதால் அதற்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். வரவு குறைந்து செலவு ஏறுகிறது. இரண்டு, அம்மோனியா. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் ஒரு பகுதிதான் கடும் விஷம். தண்ணீரின் தன்மை மாறாமல் சூடு மட்டும் 18லிருந்து 30க்கு ஏறினால் அந்த விஷப் பகுதி இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். மூன்று, சூட்டில் பாக்டீரியா பெருகும் வேகம். மீந்த தீனி குளிர்தேசத்தில் ஒரு நாள் தாங்கும் என்றால் இங்கே மதியத்துக்குள் நாறிவிடும்.

ஏர் பம்பு வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். ஏர் பம்பு ஆக்சிஜனை அதன் உச்ச அளவு வரை கொண்டுபோகும். உச்ச அளவே குறைந்திருப்பதை அது மாற்றாது. தொட்டி மேல் காற்றாடி வைத்தால் நீர் ஆவியாகி 2, 3 டிகிரி இறங்கும். ஆனால் கடற்கரையோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி. புழுக்கமான நாளில் அதுவும் இறங்காது. பாட்டிலில் தண்ணீர் உறையவைத்துத் தொட்டியில் போடுவது பலர் சொல்லும் யோசனை. போட்டதும் குளிரும், உருகியதும் ஏறும். இந்த ஏற்ற இறக்கம் நிலையான சூட்டைவிடச் சில நேரம் மோசம். மூன்று வாரக் குஞ்சு அதைத் தாங்காது. மிச்சமிருப்பது கம்ப்ரசர் குளிர்விப்பான் மட்டுமே. அதுவும் மே மாத இரவில் கரண்ட் போய் நாலு மணி நேரம் வராமல் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

அடுத்து சட்டம். கடைக்காரர் சொல்ல மாட்டார். ஆக்சலாட்டல் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1975 முதல் இருக்கிறது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அந்த ஒப்பந்தப் பட்டியல்களையும் தனக்குள் சேர்த்துக்கொண்டது. 2024 பிப்ரவரி இறுதியில் அதற்கான பதிவு விதிகள் வந்தன. பட்டியலில் உள்ள உயிருள்ள பிராணியை வைத்திருப்பவர் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிய வேண்டும். குட்டி பிறந்தாலும், செத்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். பொரிந்த முட்டைக்கெல்லாம் கணக்குச் சொல்ல வேண்டுமா என்று சிரிக்கலாம். ஆனால் விற்கும்போதும் வாங்கும்போதும் அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அது கடத்தல் சரக்கோடு ஒன்றாகிவிடும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்து வரும் உயிர்களைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் அடிக்கடி பிடிக்கிறார்கள். இமாலய நியூட்டோ இந்நாட்டிலேயே சட்டப் பாதுகாப்பில் இருப்பது. அதை வீட்டில் வளர்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் குளிர்விப்பானும் வாங்கிவிட்டார், பதிவும் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் கதை சுவையாகிறது.

ஆண் ஆக்சலாட்டல் தொட்டியின் தரையில் கூழ் மாதிரியான சின்னச் சின்ன விந்துப் பொதிகளை வைத்துவிட்டுப் போகும். பெண் அவற்றின் மேல் நகர்ந்து உடம்புக்குள் எடுத்துக்கொள்ளும். ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கும். நூறிலிருந்து ஆயிரம் வரை, செடி, கல், குழாய் என்று கிடைத்ததில் எல்லாம் ஒட்டும். நியூட் வகைகள் இதில் நிதானம்: ஒவ்வொரு முட்டையாக இட்டு, பின்கால்களால் இலையை மடித்து அதற்குள் ஒளித்து வைக்கும். பிறகு தாயும் சரி, தகப்பனும் சரி, கண்ணில் பட்ட முட்டையைத் தின்றுவிடும். பெற்றோரை வேறு தொட்டிக்கு மாற்றுவது முதல் வேலை. சுமார் 20 டிகிரிக் குளிரில் இரண்டு மூன்று வாரத்தில் முட்டை பொரியும்.

வெளியே வருவது ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள, கண்ணாடி போன்ற உடம்புக் குஞ்சு. கால் இருக்காது. நம் பக்கம் மழைக்காலத்தில் பார்க்கும் தவளையின் தலைப்பிரட்டைக்குப் பின்கால்தான் முதலில் வரும். இதற்கு முன்கால் முதலில். இன்னொரு வித்தியாசம்தான் முக்கியம். பெரும்பாலான தலைப்பிரட்டைகள் பாசியைச் சுரண்டித் தின்று பிழைக்கும். இந்தக் குஞ்சு பிறவியிலேயே வேட்டைக்காரன். எதிரே ஒன்று அசைந்தால்தான் வாய் திறக்கும். தூள் தீனி போட்டால் அது தரையில் விழுந்து அழுகும், குஞ்சு பட்டினியால் சாகும். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். அதற்குள் உயிரோடு நெளியும், அதன் வாய்க்கு அடங்கும் அளவுள்ள இரை தயாராக இருக்க வேண்டும். நியூட் குஞ்சு வளர்ப்பில் தோற்றவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் தோற்றிருப்பார்கள். முட்டை பொரிந்த பிறகு இரை தேடக் கிளம்பினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

அந்த இரை ஆர்டீமியா. உப்பு நீரில் வாழும் அரை மில்லிமீட்டர் இறால் குஞ்சு. முட்டை காய்ந்த தூளாக டப்பாவில் வரும்; ஆண்டுக்கணக்கில் கெடாது. தூத்துக்குடி உப்பளங்களில் ஆர்டீமியா இயல்பாகவே வாழ்கிறது. பொரிக்க வேண்டியவை ஒரு லிட்டர் தண்ணீர், 25லிருந்து 30 கிராம் கல் உப்பு, ஏர் பம்பு, ஒரு விளக்கு. அடிப்பாகத்தை வெட்டித் தலைகீழாக மாட்டிய குளிர்பானப் பாட்டிலில் உப்புத் தண்ணீரை ஊற்றி, கால் டீஸ்பூன் முட்டையைப் போட்டு, கீழிருந்து காற்று ஓடவிட வேண்டும். 28 டிகிரியில் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சம் விழும் கீழ்ப்பக்கம் கூடும். சிறு குழாயால் அவற்றை மட்டும் உறிஞ்சி, நெருக்கமான துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டுக் கொடுக்க வேண்டும். ஓடு கலந்து போனால் குஞ்சின் குடலை அடைக்கும். உப்புத் தண்ணீரோடு போனால் தொட்டி கெடும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சத்து. நேரம் ஆக ஆக ஆர்டீமியா தன் கருவைத் தானே தின்று சக்கையாகிவிடும்.

கவனியுங்கள், 28 டிகிரி. ஆர்டீமியாவுக்குக் கொருக்குப்பேட்டை வெயில் அச்சாக ஒத்துப்போகிறது. இரைக்கு ஏற்ற ஊர், தின்பவனுக்கு ஏற்காத ஊர்.

இரண்டாவது இரை மொய்னா என்ற மிகச்சிறிய நீர்த்தெள்ளு. கொளத்தூர்க்காரர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மூர் மார்க்கெட் 1985 மே மாதத் தீயில் எரிவதற்கு முன்பு சென்னையில் மீனும் பறவையும் வாங்க அங்கேதான் போவார்கள். இன்று வண்ண மீன் என்றால் நாட்டில் எங்கிருந்து கேட்டாலும் கொளத்தூரைச் சொல்கிறார்கள். அங்கும் அதைச் சுற்றியும் வீட்டு மாடியிலும் சிமெண்டுத் தொட்டியிலும் மீன் பெருக்கியவர்கள் குஞ்சுத் தீனிக்கு நம்பியது மொய்னாவைத்தான். வெயிலில் வைத்துப் பச்சையான தண்ணீர் ஒரு டிரம், அல்லது துளி ஈஸ்ட் கரைத்த தண்ணீர், அதில் ஒரு கரண்டி மொய்னா விட்டால் ஒரு வாரத்தில் தண்ணீரே துள்ளும். ஆர்டீமியா நன்னீரில் சில மணி நேரத்தில் செத்துப் போகும். மொய்னா நன்னீர்ப் பிராணி என்பதால், குஞ்சு தின்னாமல் விட்டதும் உயிரோடே நீந்திக்கொண்டிருக்கும், தண்ணீர் கெடாது.

கொசுப்புழு இதையெல்லாம்விட நல்ல தீனி, காசும் இல்லை. ஆனால் மாடியில் திறந்த டிரம்மில் கொசுப்புழு இருந்தால் மாநகராட்சிப் பணியாளர் வந்து கவிழ்த்துவிட்டு அபராதமும் எழுதுவார். அவர் செய்வது சரியும்கூட. மொய்னா டிரம்மை மெல்லிய வலையால் மூடி வையுங்கள், சண்டை வராது. டியூபிஃபெக்ஸ் புழுவை நான் யாருக்கும் சொல்வதில்லை. சாக்கடைச் சேற்றில் வளர்வது. குஞ்சின் தொட்டிக்கு நோயையும் கூட்டிவரும்.

குஞ்சு இரண்டு சென்டிமீட்டர் தாண்டி முன்கால் முளைக்கும் சமயத்தில் இன்னொரு தொல்லை தொடங்கும். பக்கத்தில் அசைவது தம்பியின் காலாக இருந்தாலும் கடித்துவிடும். கால், செவுள், வால் நுனி எல்லாம் போகும். இந்த இனத்துக்கு உறுப்பு மீண்டும் முளைக்கும் என்பது பெரிய அதிசயம். ஆக்சலாட்டலை உலகம் முழுக்க ஆய்வகங்களில் வைத்திருப்பது முக்கியமாக அதற்காகத்தான். மனிதனுடையதைப் போல் பத்து மடங்கு பெரிதான அதன் மரபணுத் தொகுப்பை 2018இல் படித்து முடித்தார்கள். ஆனால் முளைக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, பாதிக் குஞ்சு சின்னதாகவே நின்றுவிடும். அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும். பிரியாணி பார்சல் டப்பா இதற்கு நன்றாக உதவும்: ஒரு டப்பாவுக்கு ஒரு குஞ்சு, தினமும் முழுத் தண்ணீர் மாற்றம். டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். எண்ணெய் போகச் சுடுதண்ணீரும் கல் உப்பும் போதும். பின்காலும் முளைத்த பிறகு செத்த தீனியும் எடுக்கும். மண்புழுத் துண்டு, சின்ன பெல்லட் என்று பழக்கலாம்.

ஆக்சலாட்டல் கடைசிவரை தண்ணீரிலேயே இருக்கும். குழந்தை உருவத்திலேயே வளர்ந்து, அந்த உருவத்திலேயே முட்டையும் இடும். 1864இல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்சலாட்டல்கள் பாரிஸுக்குக் கப்பலில் போயின. அதில் ஆறு, ஆகுஸ்த் துய்மேரில் என்ற விலங்கியல் பேராசிரியர் கைக்கு வந்தன. அடுத்த ஆண்டே குட்டி பெருகியது. அந்தக் குட்டிகளில் சில செவுளை உதிர்த்துவிட்டுத் தரைப் பிராணியாக மாறி நின்றபோது அவர் திகைத்துப்போனார். இன்று ஆய்வகங்களில் இருப்பவற்றின் வம்சத்தில் பெரும்பங்கு அந்தப் பாரிஸ் கூட்டத்திலிருந்து வந்ததுதான். பிறந்த ஊரான மெக்சிகோவின் சோச்சிமில்கோ கால்வாய்களில் 1998இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கிடப்பட்ட இனம், 2014இல் 36 ஆகச் சுருங்கிவிட்டது. தொட்டிகளில் பெருகிக் கிடப்பது சொந்தக் கால்வாயில் அருகிப்போயிற்று.

மற்ற நியூட் குஞ்சுகள் அப்படியில்லை. மூன்று நான்கு மாதத்தில் செவுள் சுருங்கி நுரையீரல் முழுதாய் வேலை செய்யத் தொடங்கும். அப்போது ஏறி நிற்க ஒரு தரை வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் பிறந்த குஞ்சு தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். சாய்த்து வைத்த ஓட்டுத் துண்டு, ஈரப்பாசி போதும். தரைக்கு வந்ததும் அது மறுபடி அடம்பிடிக்கும்: பழ ஈ மாதிரி மிகச்சிறிய உயிருள்ள பூச்சி மட்டும்தான் தின்னும். வளர்ப்பவர்கள் அலுத்துப்போவது இந்தக் கட்டத்தில்.

வடசென்னையில் தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீர்நில வாழ்வி தோலாலும் சுவாசிக்கும். தண்ணீரில் கரைந்திருப்பது எதுவும் தோல் வழியே உள்ளே போகும். மெட்ரோ வாட்டர் புழலிலிருந்து வந்தாலும், காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய கடல்நீர் ஆலையிலிருந்து வந்தாலும், அதில் குளோரின் இருக்கும். அகலப் பாத்திரத்தில் ஒரு நாள் காற்றோட்டத்தில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு விட வேண்டும். லாரித் தண்ணீரில் சில நாள் குளோரின் வாடையே அடிக்கும். அன்றைக்குச் சொட்டு கட்டாயம். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். 2013இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாய் கசிந்து போர்களில் எண்ணெய் வந்ததை அந்தப் பகுதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மனிதர் மூக்குக்குத் தெரியாத அளவு எண்ணெயும் குஞ்சுக்குத் தெரியும். கேன் தண்ணீர் சுத்தமானதாயிற்றே என்று சிலர் அதில் விடுகிறார்கள். அதில் தாதுப்பு மிகக் குறைவு. வெறும் கேன் தண்ணீரில் குஞ்சின் உடம்பு தன் உப்பை இழந்துகொண்டே இருக்கும். வைத்து ஆறிய மெட்ரோ வாட்டரே மேல்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து கொசு மருந்து. பக்கிங்காம் கால்வாயோரம் குடியிருப்பவர்கள் கொசுவத்தியோ சொருகும் திரவ மருந்தோ இல்லாமல் தூங்க முடியாது. அவற்றில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துதான் இருக்கிறது. நமக்குப் பெரிய கெடுதல் இல்லாத அளவிலேயே மீனையும், ஆர்டீமியா, மொய்னா போன்றவற்றையும், நீர்நில வாழ்வியின் குஞ்சையும் அது சாய்த்துவிடும். தொட்டி இருக்கும் அறையில் அதைப் பயன்படுத்தக் கூடாது. தெருவில் மாநகராட்சி வண்டி புகை அடிக்க வரும் சத்தம் கேட்டால் ஏர் பம்பை நிறுத்தி, தொட்டியை மூடி, ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். ஏர் பம்பு அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது என்பது பலருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

இவ்வளவையும் படித்துவிட்டு, குஞ்சு வளர்க்கும் ஆசை மட்டும் குறையவில்லை என்றால், முன்பு சொன்ன பாட்டில் உயிருக்கு வாருங்கள். ஃபைட்டர் மீன்தான். தாய்லாந்தின் வயல் நீரிலிருந்து வந்தது. அதற்குச் சுகமான சூடு 26லிருந்து 30. கொருக்குப்பேட்டைத் தண்ணீரை அதற்காகச் சூடாக்கவும் வேண்டாம், குளிர்விக்கவும் வேண்டாம். பரிவேஷ் பதிவும் வேண்டாம். ஆனால் நியூட் குஞ்சுக்குத் தேவையான மூன்று வித்தையையும் இது கற்றுக்கொடுக்கும்: முதல் இரை, தண்ணீர், பிரித்து வளர்த்தல்.

பதினைந்து லிட்டர் டப், ஒரு சாண் உயரத்துக்குக் குறைவாகத் தண்ணீர், மேலே மிதக்க அரைத் தெர்மோகோல் கப். தண்ணீரில் ஒரு காய்ந்த நாட்டு வாதாம் இலை. பள்ளிக்கூட வளாகங்களில் உதிர்ந்து கிடக்கும். இலைச் சாறு தண்ணீரைத் தேநீர் நிறமாக்கிப் பூசணத்தைத் தள்ளிவைக்கும். ஆணை விட்டதும் அது எச்சில் நுரையால் கூடு கட்டும். பெண்ணை முதலில் வெட்டிய பாட்டிலுக்குள் வைத்துக் காட்டி, அதன் உடம்பில் குறுக்குக் கோடு தெரிந்ததும் திறந்துவிட வேண்டும். ஆண் அணைத்துப் பிழிய, விழும் முட்டைகளை வாயில் அள்ளி நுரையில் ஒட்டும். முடிந்தவுடன் பெண்ணை எடுத்துவிடுங்கள், விட்டால் ஆண் அதைக் கொன்றுவிடும். அப்பாதான் காவல். 24லிருந்து 36 மணி நேரத்தில் பொரியும். குஞ்சுகள் இரண்டு மூன்று நாள் வால் கீழே தொங்க நுரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கிய அன்று அப்பாவையும் எடுத்துவிட வேண்டும்.

அந்த முதல் நாலைந்து நாளுக்கு ஆர்டீமியாவே பெரிது. இன்ஃபுசோரியா என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க் கலவை வேண்டும்: மீன் தொட்டித் தண்ணீரில் வாழைப்பழத் தோலோ வேகவைத்த முட்டைகோஸ் இலையோ போட்டு நிழலில் நாலு நாள் வைத்தால், முதலில் கலங்கி நாறிப் பிறகு தெளியும். தெளிந்த பிறகு அதில் ஒரு கரண்டி காலையும் மாலையும். பிறகு ஆர்டீமியா, பிறகு மொய்னா. வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் சாப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம், உருப்பெருக்கி தேவையில்லை. மூன்று நான்கு வாரத்தில் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உருவாகும். அதுவரை டப்பை மூடியே வைக்க வேண்டும், நீருக்கு மேல் உள்ள காற்று ஈரமாக இருக்க வேண்டும்.

இதில் இரண்டு முறை ஐம்பது குஞ்சைப் பிழைக்க வைத்தவர், குளிர்விப்பானும் பதிவும் இருந்தால் ஆக்சலாட்டலிலும் தேறிவிடுவார். கூடுதலாகக் கற்க விரும்புபவர்களுக்குத் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பண்ணை மாதவரத்திலும், கல்லூரி பொன்னேரியிலும் இருக்கின்றன.

எதை வளர்த்தாலும் மீந்ததைக் கால்வாயிலோ ஏரியிலோ விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீனைப் பலர் இப்படி விட்டதால்தான் இன்று சென்னைச் சுற்றுவட்டார ஏரிகளில் வலை போட்டால் முள்ளும் ஓடுமாக அதுவே ஏறுகிறது. நியூட் விஷயத்தில் பயம் வேறு. அது இங்கே சூட்டில் செத்துவிடும், ஆனால் அதன் தோலில் வந்த பூசணம் சாகாமல் நம் தவளைக்குப் போகலாம். ஆசியாவிலிருந்து செல்லப்பிராணி வணிகத்தோடு ஐரோப்பா போனதாகக் கருதப்படும் ஒரு பூசணம் நெதர்லாந்தில் தீச் சாலமாண்டர்களை ஏறக்குறைய துடைத்துவிட்டது. அதை 2013இல் இனங்கண்டு பெயரிட்டார்கள். 2016இல் அமெரிக்கா சாலமாண்டர் இறக்குமதியில் பெரும்பகுதியை நிறுத்தியது.

அதனால் எண்ணிக்கையை முட்டையிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. ஆக்சலாட்டல் 300 முட்டையிட்டால் இருபதை வைத்துக்கொண்டு மிச்சத்தை, உள்ளே உருவம் தெரிவதற்கு முன், முதல் ஓரிரு நாளிலேயே ஃபிரீசரில் வைத்துவிடுகிறார்கள் அனுபவசாலிகள். கேட்கக் கடினமாக இருந்தாலும், டப்பா டப்பாவாகப் பட்டினியில் சாவதைவிட அது மேல். ஃபைட்டரில் இரண்டு மூன்று மாதத்தில் ஆண் குஞ்சுகள் ஒன்றையொன்று கிழிக்கத் தொடங்கும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டில் வேண்டும். தாய்லாந்துப் பண்ணைகளில் தட்டையான மது பாட்டில்களை வரிசையாக அடுக்குவார்கள். நம் பக்கம் குவார்ட்டர் பாட்டில். எத்தனை பாட்டிலுக்கு உங்களால் முறை தவறாமல் தண்ணீர் மாற்ற முடியுமோ அத்தனை ஆண்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கடைக்குக் கொடுத்துவிடலாம். பெண் குஞ்சுகளைக் கடையில் அவ்வளவாக வாங்க மாட்டார்கள். செடி நிறைந்த ஒரு பெரிய தொட்டியில் அவற்றைக் கூட்டமாகவே விட்டுவைக்கலாம்.